அட்டைப்படம் பறித்ததும் முகமூடி மீட்டதும்: எம்.எஃப். டூமின் இசைவாழ்க்கை

எலெக்ட்ரா ரெக்கார்ட்ஸ் என்ற அமெரிக்க இசை நிறுவனம், பதிவு முடிந்து கடைக்குப் போகக் காத்திருந்த ஓர் ஆல்பத்தை 1994ஆம் ஆண்டு கைவிட்டது. சிக்கல் பாட்டில் இல்லை, அட்டைப்படத்தில் இருந்தது. கறுப்பின மக்களை இழிவுபடுத்த அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாக வரையப்பட்டுவந்த ‘சாம்போ’ என்ற கேலிச்சித்திர உருவம், பிள்ளைகள் எழுத்துகளை ஊகித்து ஆடும் தூக்குமர விளையாட்டில் தொங்குவதுபோல் அந்தப் படம் அமைந்திருந்தது. அதை வரைந்தவர் ஆல்பத்தில் பாடியவரேதான், அவரும் கறுப்பர். தங்கள் மேல் ஒட்டப்பட்ட அந்த இழிந்த உருவத்தைத் தாங்களே தூக்கிலிடுகிறோம் என்பதே அவர் சொல்ல வந்தது. ஆனால் பில்போர்டு என்ற இசைத்துறை இதழ்க் குழுமத்தில் வந்த பத்தி ஒன்று, படத்தில் தொங்குவது உருவகம் என்று பாராமல், கறுப்பர் ஒருவரைத் தூக்கிலிடும் காட்சியாகவே அதைக் கண்டித்தது. நிறுவனம் ஆல்பத்தையும் விட்டது, ஒப்பந்தத்தையும் முறித்தது.

அந்தப் பாடகரின் பெயர் டேனியல் டூமிலே. அப்போது அவர் வைத்திருந்த மேடைப்பெயர் ஸெவ் லவ் எக்ஸ். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து எம்.எஃப். டூம் என்ற பெயரில், முகத்தை உலோகத்தால் மூடிக்கொண்டு திரும்பி வந்தவரும் அவர்தான். முகமூடியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதை ஒரு துக்கத்தின் அடையாளமாகவோ, விளம்பர உத்தியாகவோ சொல்லி முடித்துவிடுகிறார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். என் கணிப்பு வேறு: ஒரு படத்தால் தொழிலை இழந்தவர், இனித் தன்னை ஒரு படமாக யாரும் விற்க முடியாதபடி செய்துகொண்ட தொழில் ஏற்பாடு அது. அவருடைய ஆல்பங்கள், பல பெயர்கள், ஏன், அவர் மீது ரசிகர்கள் கொண்ட கோபம்கூட, அந்த ஏற்பாட்டிலிருந்துதான் கிளைத்தன.

மேலே போவதற்கு முன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. நம் ஊரில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். ஹிப் ஹாப்பில் புரொட்யூசர் என்பவர் பீட் செய்கிறவர். பழைய இசைத்தட்டிலிருந்து சில நொடிகளை வெட்டி எடுத்து, அதைச் சுற்றிச் சுற்றி வரும் லூப் ஆக்கி, அதன் அடியில் டிரம் வைத்து, ராப் பாடுகிறவருக்குத் தரையமைத்துக் கொடுப்பவர். நம் கணக்கில் அவர் இசையமைப்பாளர். டூம் இரண்டு வேலையையும் செய்தார். அவர் பெயரின் முன்னெழுத்துகளிலேயே இரண்டும் இருக்கின்றன: பாடும்போது ‘மெட்டல் ஃபேஸ்’, பீட் செய்யும்போது ‘மெட்டல் ஃபிங்கர்ஸ்’, அதாவது உலோக முகமும் உலோக விரல்களும். டூம் என்பது குடும்பப்பெயரின் முதல் அசை. சிறு வயதில் வீட்டில் கூப்பிட்ட செல்லப்பெயரும் அதுவே.

அவர் பிறந்தது 1971 ஜூலை 13இல், லண்டனின் ஹவுன்ஸ்லோ பகுதியில். தாய் டிரினிடாட்டைச் சேர்ந்தவர், தந்தை ஜிம்பாப்வேயைச் சேர்ந்தவர். (எம்.ஐ.ஏ. என்று நாம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசம் நான்கு ஆண்டுகள் கழித்து இதே ஹவுன்ஸ்லோவில்தான் பிறந்தார். இரண்டு பேரின் வாழ்க்கையிலும் குடியேற்ற அதிகாரிகள் குறுக்கே வந்தது தற்செயல் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.) குடும்பம் அவருடைய குழந்தைப் பருவத்திலேயே நியூயார்க்கின் லாங் ஐலண்டுக்குக் குடிபெயர்ந்தது. லாங் பீச் என்ற கடலோர ஊரில் வளர்ந்த டேனியலும் அவருடைய தம்பி டிங்கிலிஸ்வேயும் 1980களின் இறுதியில் கே.எம்.டி. என்ற குழுவைத் தொடங்கினார்கள். தம்பிக்கு டிஜே சப்ராக் என்று பெயர்.

தேர்ட் பேஸ் என்ற குழுவின் 1989ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றில் சில அடிகள் பாடக் கிடைத்த வாய்ப்பு டேனியலை வெளியுலகுக்குக் காட்டியது. அதைக் கேட்ட டான்டே ராஸ் என்ற நிறுவன அதிகாரி கே.எம்.டி.யை எலெக்ட்ராவில் சேர்த்துக்கொண்டார். 1991இல் வந்த ‘மிஸ்டர் ஹூட்’ என்ற முதல் ஆல்பம் இன்று கேட்டாலும் சிரிப்பூட்டுகிறது. வெளிநாட்டவருக்கு மொழி கற்றுத்தரும் பழைய பாட இசைத்தட்டிலிருந்து ஒரு மனிதரின் குரலை வெட்டி எடுத்து, அவரைக் கதாபாத்திரமாக்கி, அவரோடு சகோதரர்கள் உரையாடுவதுபோல் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பாட இசைத்தட்டின் குரல், தான் எந்த நாடகத்தில் நடிக்கிறோம் என்று தெரியாமலே கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். அந்த ஆல்பத்திலேயே சாம்போ உருவம் இருக்கிறது. மேலே சிவப்புக்கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கிறது. அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது ஆல்பமான ‘பிளாக் பாஸ்டர்ட்ஸ்’ முடியும் தறுவாயில், 1993 ஏப்ரலில், லாங் ஐலண்டில் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது கார் மோதி சப்ராக் இறந்தார். அவருக்கு வயது 19. அண்ணன் தனியாக உட்கார்ந்து ஆல்பத்தை முடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் மேலே சொன்ன அட்டைப்பட விவகாரம் வந்தது.

நிறுவனத்தின் அச்சத்துக்கு ஒரு பின்னணி உண்டு. 1992இல் ஐஸ்-டி என்ற ராப்பர் தம் ராக் குழுவோடு வெளியிட்ட பாடல் ஒன்று காவலர்களைக் கொல்லத் தூண்டுகிறது என்று காவல்துறைச் சங்கங்களும் அரசியல்வாதிகளும் போர்க்கொடி தூக்கினார்கள். அதை வெளியிட்ட டைம் வார்னர் குழுமத்தின் பங்குதாரர் கூட்டம் வரை அந்தச் சண்டை போனது. இறுதியில் பாடல் ஆல்பத்திலிருந்து நீக்கப்பட்டது. எலெக்ட்ராவும் அதே குழுமத்தின் கிளை. சூடுகண்ட பூனையாக இருந்த நிர்வாகம், பெரிய விற்பனை இல்லாத ஒரு சிறு குழுவுக்காக இன்னொரு சர்ச்சையைத் தோளில் சுமக்க விரும்பவில்லை. ஆல்பம் கள்ளப் பதிவாகக் கைமாறிக் கைமாறிச் சுற்றி, பல ஆண்டுகள் கழித்துத்தான் முறையாக வெளிவந்தது.

அடுத்து வந்த மூன்று நான்கு ஆண்டுகளை டூம் பின்னாளில் சுருக்கமாகத்தான் பேசினார்: வீடின்றி இருந்ததற்கு அருகிலான நிலை, மன்ஹாட்டன் தெருக்களில் நடந்து திரிந்தது, பெஞ்சுகளில் படுத்தது. பிறகு அட்லாண்டாவுக்குப் போய்விட்டார். 1997–98 வாக்கில் மன்ஹாட்டனின் நுயோரிக்கன் கவிஞர் காஃபேயில் யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடலாம் என்ற இரவுகளில், பெண்கள் அணியும் நைலான் காலுறையை முகத்தில் இழுத்து மாட்டிக்கொண்டு ஒருவர் மேடையேறினார். முகமூடியின் முதல் வடிவம் அதுதான். உலோகம் பிறகு வந்தது. இன்று சுவரொட்டிகளில் காணும் முகமூடி, கிளாடியேட்டர் திரைப்படத்தில் வரும் தலைக்கவசத்தின் நகலிலிருந்து செய்யப்பட்டது. வேஷத்தின் மூலம் மார்வெல் படக்கதைகளின் டாக்டர் டூம்: முகம் சிதைந்ததால் இரும்புக் கவசத்துக்குள் போய், தன்னை ஒதுக்கிய உலகத்தைப் பழிவாங்கப் புறப்பட்ட வில்லன்.

வில்லனைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல. அப்போதைய ராப் உலகில் பாடுகிறவரே கதாநாயகன். அவர் வீடு, கார், சங்கிலி, உடம்பு எல்லாம் வீடியோவில் தெரிய வேண்டும். ‘ஜிகி ராப்’ என்று அன்று பேசப்பட்ட அந்தப் பளபளப்புக்கு நடுவில், குரலை மட்டும் கேளுங்கள், ஆளைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல வந்தவருக்குக் கதாநாயக வேடம் பொருந்தியிருக்காது. கூத்துப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் புரியும். திரைக்குப் பின்னாலிருந்து வரும் ராஜா வேஷக்காரர் ‘நான் வந்தேன்’ என்று பாடுவதில்லை. ‘மகாராஜன் வந்தாரே’ என்று தன்னையே படர்க்கையில் அறிவித்துக்கொண்டு வருவார். டூமும் பாட்டுக்குப் பாட்டு அப்படித்தான் வருகிறார்: ‘அந்த வில்லன்’, ‘அவன்’ என்று. தன்மையில் பேசி ஒருவர் பெருமையடித்துக்கொண்டால் அது தற்பெருமை. வேஷத்தைப் பற்றி வேஷக்காரர் சொன்னால் அது கதை. அந்த இடைவெளியில்தான் அவருடைய நகைச்சுவை முழுவதும் குடியிருக்கிறது.

இவருக்குக் கதவு திறந்த நிறுவனம் மிகச் சிறியது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக வானொலியில் 1990 முதல் நள்ளிரவு ஹிப் ஹாப் நிகழ்ச்சியை இணைந்து நடத்திய பாபிட்டோ கார்சியா, ஃபாண்டில் எம் என்ற பெயரில் தனியாக ஒரு லேபிள் நடத்திவந்தார். 12 அங்குல வைனில் தட்டுகளைக் குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்டு, டிஜேக்கள் வாங்கும் சிறப்புக் கடைகளுக்கு அனுப்புவதே அதன் வணிகம். ‘அண்டர்கிரவுண்ட்’ என்ற சொல் ஏதோ கலகக்குரல்போல் ஒலித்தாலும், நடைமுறையில் அதன் பொருள் இந்த விநியோக முறைதான்: பெரிய நிறுவனம் இல்லை, வானொலிக்கு விளம்பரச் செலவு இல்லை, வீடியோ இல்லை, ஆகவே தடை சொல்லும் அதிகாரியும் இல்லை.

இதில் சட்டத்தின் பங்கும் உண்டு. 1991 டிசம்பரில் பிஸ் மார்க்கி என்ற ராப்பர் மீதான வழக்கில், அனுமதி பெறாமல் பிறர் பாடலிலிருந்து சாம்ப்பிள், அதாவது துண்டு, வெட்டி எடுப்பது திருட்டே என்று நியூயார்க் நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். அதற்குப் பிறகு பெரிய நிறுவனங்களில் ஒவ்வொரு லூப்புக்கும் வழக்கறிஞர், அனுமதிக் கடிதம், கட்டணம் என்றாகி, நாலைந்து சாம்ப்பிள்களை அடுக்கிச் செய்த பாடல்கள் கட்டுபடியாகாமல் போயின. சில ஆயிரம் தட்டுகள் மட்டும் விற்கும் லேபிளைத் தேடி யாரும் வழக்கோடு வருவதில்லை. டூமின் பீட்டுகள் அந்தக் கண்காணாத வெளியில்தான் வளர முடிந்தன.

1999இல் வந்த ‘ஆபரேஷன்: டூம்ஸ்டே’யைக் கேட்டால் இது விளங்கும். அவர் காலத்துப் புரொட்யூசர்கள் கௌரவமான மூலங்களைத் தேடினார்கள்: 1970களின் ஃபங்க், ஜாஸ். டூம், இரவு நேர வானொலியில் காதலர்களுக்காக ஓடிய வழவழப்பான பாடல்களை எடுத்தார். ஷாடேயின் பாட்டு, குவின்சி ஜோன்ஸின் பாட்டு, ஸ்டீலி டானின் பாட்டு. அவற்றைத் துண்டு துண்டாக நறுக்கி அடையாளம் தெரியாமல் ஆக்கவும் இல்லை. பெரிய துண்டாக அப்படியே வைத்து, லூப் சேருமிடத்தில் தட்டுத்தடுமாறும் ஒலியைக்கூடத் திருத்தாமல் விட்டார். இடையிடையே பழைய கார்ட்டூன்களில் டாக்டர் டூம் பேசும் வசனங்கள். கரடுமுரடான குரல் ஒன்று கல்யாண மண்டபத்துப் பட்டுமெத்தையில் செருப்போடு ஏறி உட்கார்ந்ததுபோல் இருக்கும். ஆல்பத்தின் பெயர்ப்பாட்டில் வரும் பல்லவி, தம்பி போய்ச் சேர்ந்த இடத்துக்குத் தானும் திரும்பும் நாள் வரை என்று ஒரு கணக்குச் சொல்கிறது. அவ்வளவு மென்மையான லூப்பின் மேல் அந்தக் கணக்கு வரும்போது, முகமூடிக்குள் இருப்பவரை ஒரு நொடி பார்த்துவிட்டதுபோல் தோன்றும். அடுத்த அடியிலேயே அவர் நகைச்சுவைக்குத் தாவிவிடுவார்.

அவருடைய சொற்கட்டை விளக்க நம் யாப்பு கைகொடுக்கிறது. ஆங்கில ராப்பின் முதுகெலும்பு இயைபு: அடி முடியும் இடத்தில் ஒலி ஒத்து வர வேண்டும். சாதாரணப் பாடலாசிரியர் ‘ஆச்சு’ என்பதற்குப் ‘போச்சு’ என்று போட்டு நகர்ந்துவிடுவார். டூம் அப்படி நகர்கிறவர் அல்லர். தமிழில் எழுதியிருந்தால் ‘கடை பூட்டியாச்சு’ என்ற முழுத் தொடருக்கும் ‘குடை நீட்டியாச்சு’ என்று அசைக்கு அசை இணை தேடியிருப்பார். அதோடு நில்லாமல், அடுத்த அடியின் நடுவில் எவரும் எதிர்பாராத இடத்தில் ‘படை காட்டியாச்சு’ என்று மூன்றாவது முறை தட்டிவிட்டு, அந்தக் கடை எது, படை எது என்று கேட்பவர் யோசிக்கும்போது வேறு ஒலிக்குப் போயிருப்பார். நம் வண்ணப் பாக்களில் சந்தம் இப்படித்தான் சீருக்குச் சீர் விழும். ஆனால் வண்ணத்தில் அந்த இறுக்கம் பாடும்போதே தெரியும். டூமோ பீட்டுக்குச் சற்றுப் பின்தங்கி, டீக்கடையில் வம்பளக்கும் தொனியில் அதைச் சொல்லிவிடுகிறார். கட்டுமானம் கடினம், சொல்லும் முறை சோம்பல். முதல் தடவை கேட்பவர் இவர் உளறுகிறார் என்று நினைப்பதும், பத்தாம் தடவை கேட்பவர் தாளை எடுத்து எழுதிப் பார்க்கத் தொடங்குவதும் இதனால்தான்.

2001 முதல் 2005 வரை அவர் மெட்டல் ஃபிங்கர்ஸ் பெயரில் ‘ஸ்பெஷல் ஹெர்ப்ஸ்’ என்று பத்துத் தொகுதிகள் வெளியிட்டார். பாட்டே கிடையாது, பீட்டுகள் மட்டும். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு மூலிகை அல்லது சமையல் சரக்கின் பெயர். பட்டியலைப் படித்தால் நாட்டு மருந்துக் கடையின் பெட்டி வரிசைக்கு முன் நிற்பதுபோல் இருக்கிறது: குங்குமப்பூ, வெந்தயம், கொத்தமல்லி, அன்னாசிப்பூ, வசம்பு, கற்பூரம், ஊமத்தை. வேடிக்கையாகத் தோன்றினாலும் இது கெட்டியான வணிகம். பீட்டை ஒருமுறை செய்து, அதைத் தனியாக ஒரு தட்டில் விற்று, தாமே வேறொரு பெயரில் அதன் மேல் பாடி விற்று, பிறகு இன்னொரு பாடகருக்கும் கொடுக்கலாம். ‘வெந்தயம்’ என்ற பீட் 2006இல் வூ-டாங் என்ற ராப் குழுவைச் சேர்ந்த கோஸ்ட்ஃபேஸ் கில்லாவின் ‘ஃபிஷ்ஸ்கேல்’ ஆல்பத்துக்குப் போய், அந்தக் குழுவினர் வரிசையாகப் பாடும் பாட்டானது. புரூக்ளினின் ஜோயி பேடாஸ் 2012இல் தம் முதல் மிக்ஸ்டேப்பைச் செய்தபோது பாடிப் பார்த்த பீட்டுகளிலும் டூமுடையது உண்டு. வளரும் ராப்பர்கள் பலருக்கு இந்தத் தொகுதிகள் சிலம்பக் கூடம்போல ஆயின.

பல பெயர்களும் இதே வணிக அறிவின் பகுதி. 2003இல் லண்டனின் பிக் டாடா லேபிளுக்கு ‘கிங் கீடோரா’ என்ற பெயரில், காட்ஸில்லா படங்களில் வரும் மூன்று தலை அசுரனாக ஓர் ஆல்பம். அதே ஆண்டு வேறொரு லேபிளுக்கு ‘விக்டர் வான்’ என்ற துடுக்கு இளைஞனாக இன்னொன்று. ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டால் அந்தப் பாத்திரம் மட்டுமே அங்கே கட்டுப்படும். மற்றவர்கள் சுதந்திரமாக வெளியே உலவுவார்கள். பாத்திரத்துக்குப் பாத்திரம் பேச்சு நடையும் மாறும்: கீடோரா வானத்திலிருந்து மனிதர்களைப் பார்த்துப் பேசுவார், பெரும்பாலும் பிறரைப் பாடவிட்டுப் பீட்டுகளோடு நின்றுகொள்வார், விக்டர் வான் அவசரக்காரன். எலெக்ட்ரா ஒரே கையெழுத்தில் அவருடைய பெயர், குழு, பாடல் எல்லாவற்றையும் முடக்கிப்போட்டதை நினைவில் வைத்துப் பார்த்தால், இந்த ஏற்பாட்டின் நியாயம் தெரியும். எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைப்பதில்லை என்று முடிவெடுத்தவர், கூடைக்கு ஒரு முகமும் வைத்துவிட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது ‘மேட்வில்லனி’. கலிபோர்னியாவின் ஸ்டோன்ஸ் த்ரோ லேபிளில் இருந்த மேட்லிப் என்ற புரொட்யூசர், தாம் சேர்ந்து வேலை செய்ய விரும்பும் இரண்டு பேரில் ஒருவர் டூம் என்று சொல்லிவைத்திருந்தார். ஜார்ஜியாவில் இருந்த ஒரு நண்பர் வழியாகப் பீட்டுகள் டூம் கைக்குப் போயின. அவர் லாஸ் ஏஞ்சலஸ் வந்திறங்கியபோது அவருடைய மேலாளர் 1,500 டாலரை உடனே கேட்டார். லேபிளிடம் அவ்வளவு பணம் இல்லை. லேபிள்காரர் ஒருவர் மேலாளரைப் படுக்கையறையில் உட்கார வைத்துப் பேச்சை வளர்க்க, டூமும் மேட்லிப்பும் கீழே ஸ்டூடியோவில் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். ஒப்பந்தம் ஒரு காகிதத் தட்டில் எழுதப்பட்டது. ஸ்டூடியோ என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். அது ஒரு வீட்டின் அடியில், குண்டுவீச்சுக்குப் பதுங்கக் கட்டிய பழைய அறை.

2002இன் இறுதியில் மேட்லிப் பிரேசிலுக்குப் போனார். சாவோ பாலோவில் விடுதி அறையிலேயே, எடுத்துச் செல்லக்கூடிய சிறு இசைத்தட்டுக் கருவி, கேசட் டெக், பாஸ் எஸ்பி-303 என்ற சின்ன சாம்ப்ளர் ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அங்கே வாங்கிக் குவித்த தட்டுகளிலிருந்து பல பீட்டுகளைச் செய்தார். (நம் பக்கத்துத் தட்டுகளும் அவருக்கு அந்நியமல்ல, 2007இல் முழுக்க இந்தியத் திரையிசையிலிருந்து ஒரு பீட் ஆல்பம் செய்தவர் அவர்.) அந்தப் பயணத்தின்போது முடியாத ஆல்பத்தின் பதிவு திருடு போய், வெளியீட்டுக்கு ஓராண்டுக்கு மேல் முன்பே இணையத்தில் பரவிவிட்டது. இருவரும் சோர்ந்து வேறு வேலைகளுக்குப் போனார்கள்.

திரும்பி வந்தபோது டூம் செய்ததுதான் கவனிக்க வேண்டியது. கசிந்த பதிவில் அவர் குரல் உற்சாகமாக, உரக்க இருக்கிறது. மறுபடி பதிந்தபோது குரலைத் தாழ்த்தி, வேகத்தைக் குறைத்து, உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமல் பேசுகிறவர்போல் பாடினார். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் சொற்கள் பெரும்பாலும் அவையே. ஆனால் முதலாவதில் ஒருவர் நம்மைக் கவர முயல்கிறார், இரண்டாவதில் நாம் காதை அவர் பக்கம் கொண்டுபோகிறோம். திருட்டினால் விளைந்த நன்மை என்று இதை நான் சொல்லமாட்டேன், ஆனால் அந்தத் தாமதம் இல்லாமல் இந்தக் குரல் கிடைத்திருக்காது.

2004 மார்ச்சில் வெளிவந்த ஆல்பத்தில் 22 தடங்கள், மொத்தம் 46 நிமிடம். பெரும்பாலான பாடல்களில் கோரஸ் கிடையாது. ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் சொல்ல வந்ததைச் சொல்லிப் பாட்டு நின்றுவிடும். பில்போர்டு 200 என்ற ஆல்பத் தரவரிசைப் பட்டியலில் அது எட்டிய உயரம் 179ஆம் இடம்தான். ஆனால் அதன் பிறகு இருபது ஆண்டுகளாக, ராப் எழுதத் தொடங்கும் இளைஞர்கள் கேட்கும் ஆல்பங்களில் அது இடம் பிடித்துக்கொண்டே வருகிறது. ஏர்ல் ஸ்வெட்ஷர்ட், டைலர் போன்ற அடுத்த தலைமுறை ராப்பர்கள் டூமைத் தங்கள் ஆசானாகவே பேசினார்கள். அட்டையில் இருப்பது கறுப்பு வெள்ளையில் அந்த உலோக முகம், மூலையில் சிறு ஆரஞ்சு நிறச் சதுரம். அட்டைப்படத்தால் விழுந்தவர் எழுந்ததும் ஓர் அட்டைப்படத்தோடுதான். அதில் ஒரு பாட்டு, தன் பெயரை எழுதும்போது எல்லா எழுத்தையும் பெரிய எழுத்தாகப் போட வேண்டும் என்று கட்டளையிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இன்றுவரை பணிந்து நடக்கிறார்கள். பெரிய எழுத்து என்பதே இல்லாத மொழியில் எழுதும் நான் அந்தக் கட்டளையை மீறுவதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அதே ஆண்டு நவம்பரில் மினியாபொலிஸின் ரைம்சேயர்ஸ் லேபிளில் வந்த ‘எம்.எம்..ஃபுட்’, அவர் பெயரின் ஆங்கில எழுத்துகளையே கலைத்து அடுக்கியது. பாட்டெல்லாம் சாப்பாட்டின் பெயரில். 2005இல் டேஞ்சர் மவுஸ் என்ற புரொட்யூசருடன் செய்த ஆல்பம் தொலைக்காட்சிக் கார்ட்டூன்களோடு கைகோத்து, அவரைப் பட்டியலில் 41ஆம் இடம் வரை கொண்டுபோனது. பட்டியலில் பிடித்த இடம் என்று பார்த்தால் அவர் வாழ்நாளில் அதுவே உச்சம். கேட்கச் சுகமானது, ஆனால் மேட்வில்லனியோடு ஒப்பிட எனக்குத் தோன்றியதில்லை.

இனி அந்தப் பழைய புகார். 2007 முதல் சில ஆண்டுகள், டூம் என்று விளம்பரம் செய்யப்பட்ட கச்சேரிகளில் முகமூடி அணிந்து வந்தவர் அவரில்லை என்று ரசிகர்கள் கண்டுபிடிக்கத் தொடங்கினார்கள். ஆள் ஒல்லியாக இருப்பார், ஓடும் பதிவுக்கு உதடு அசைப்பார், சிறிது நேரத்தில் இறங்கிப் போய்விடுவார். படக்கதையில் டாக்டர் டூம் தன்னைப் போன்ற இயந்திரங்களை அனுப்புவது வழக்கம். ரசிகர்கள் இந்தப் போலிகளுக்கும் ‘டூம்பாட்’ என்று அதே பெயரை வைத்தார்கள். 2009இல் நியூ யார்க்கர் இதழுக்காக டா-நெஹிசி கோட்ஸ் என்ற எழுத்தாளர் சந்தித்தபோது, எழுதுகிறவரும் இயக்குகிறவரும் தாமே, வேஷத்தை யாருக்குக் கட்டுவது என்பது தம் விருப்பம் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார்.

தர்க்கம் சரிதான். முகம் முக்கியமில்லை, சொல்தான் முக்கியம் என்று பத்தாண்டு சொல்லிவந்தவர் அதன் கடைசி எல்லைக்குப் போனார். ஆனால் சொல்தான் முக்கியம் என்றால், மேடையில் உதடசைத்தவரிடம் அந்தச் சொல் எங்கே இருந்தது? டிக்கெட் வாங்கியவர் முகத்தைப் பார்க்கப் போகவில்லை, குரலைக் கேட்கப் போனார். அதுதான் அங்கே வரவில்லை. கோட்பாடு எவ்வளவு சுவையாக இருந்தாலும், காசு கொடுத்தவரின் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். அந்த வேடிக்கை பின்னாளில் பழுத்து நகைச்சுவையாகவே ஆகிவிட்டது: 2019இல் ஒரு விழாவில் முகமூடியோடு வந்தவர் அதைக் கழற்றியபோது, உள்ளே இருந்தவர் ஹன்னிபல் பியூரஸ் என்ற நகைச்சுவைக் கலைஞர்.

2010இல் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தை முடித்துக்கொண்டு திரும்பிய டூமை அமெரிக்கா உள்ளே விடவில்லை. குழந்தையாக வந்து, அங்கேயே பள்ளிக்குப் போய், அந்த நாட்டின் இசையில் ஒரு வழியையே உண்டாக்கியவர், குடியுரிமை மட்டும் பெறாமலே இருந்துவிட்டார். பிறந்த நாட்டின் பாஸ்போர்ட்டோடு, நினைவில் இல்லாத லண்டனில் போய்த் தங்க வேண்டியதாயிற்று. குடும்பம் பிறகு வந்து சேரும் வரை அவர்களைப் பிரிந்தே இருந்தார். ஜெனீரோ ஜாரல் என்ற புரொட்யூசருடன் 2012இல் செய்த ‘கீ டு த கஃப்ஸ்’ ஆல்பத்தில் லண்டன் வட்டார வழக்குகளை அவர் புதிதாகக் கற்றவரின் ஆர்வத்தோடு எடுத்து விளையாடுகிறார். வேண்டாத ஊரில் மாட்டிக்கொண்டவரின் எரிச்சலும் அடியில் கேட்கிறது. 2014இல் பிஷப் நேரு என்ற நியூயார்க் இளைஞருடன் ஓர் ஆல்பம். அந்தப் பிள்ளை தன் பெயரின் பாதியை எடுத்துக்கொண்டது நம் ஜவாஹர்லால் நேருவிடமிருந்து.

அதற்குப் பிறகு வெளியீடுகள் குறைந்தன. 2017இல் 14 வயது மகன் இறந்தான். 2020 அக்டோபர் 31ஆம் தேதி, முகமூடிகளின் திருநாளான ஹாலோவீன் அன்று, இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மருத்துவமனை ஒன்றில் டூம் இறந்தார். வயது 49. குடும்பம் செய்தியை வெளியே சொன்னது இரண்டு மாதங்கள் கழித்து, டிசம்பர் 31 அன்று. அந்த இரண்டு மாதமும் அவர் உயிரோடிருப்பதாகவே உலகம் நினைத்துக்கொண்டு, புதிய பாட்டு எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

2021 ஜூலையில் லாங் பீச் நகரத்தார் சகோதரர்கள் வளர்ந்த பகுதியில் ஒரு தெருவுக்குப் புதுப்பெயர் வைத்தார்கள். டூமின் பெயரை மட்டும் வைத்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் வைத்தது ‘கே.எம்.டி.–எம்.எஃப். டூம் வே’, தம்பியோடு இருந்த குழுவின் பெயர் முன்னால், அண்ணனின் வேஷப்பெயர் பின்னால்.